பளபளவென்று கழுவிய டிஸ்க்

மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம், செம்பனைத் தோட்டத்து முகப்பில் நாங்கள் படக் கடை வைத்திருந்தோம். வீசிடி வாடகைக்குக் கொடுப்போம். என் கணவருக்குத் தோட்டத்தில் வேலை போன பிறகு அதுதான் எங்களுக்கு ஒரே பிழைப்பு. அதிலும் ஒருவன் மண்ணைப் போட வந்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு, வீட்டு வாசலுக்கே கள்ளப் பிரதி கொண்டுவந்து கொடுப்பான். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கூவி விற்கிறவர்கள் வேறு. யாரோடு என்று மல்லுக்கு நிற்பது?

தீபாவளிக்கு முதல் நாள். சிரம்பான் டவுனில் அலைந்து புதுப் படம் ஒரே ஒரு செட் வாங்கியிருந்தேன். அசல், மூன்று டிஸ்க். அந்தக் கள்ளப் பிரதிக்காரனிடம் அது இன்னும் வரவில்லை. இதிலும் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் திரும்பப் பிடிக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

ஒரு செட்டை வைத்து லயம் முழுக்க ஓட்ட எங்களிடம் ஒரு வழி உண்டு. முதல் வீட்டில் ஒன்றாம் டிஸ்க் முடிந்ததும் அது அடுத்த வீட்டுக்குப் போகும். இங்கே இரண்டாவதைப் போடுவார்கள். இப்படியே கைமாறிப் போகும். காலையிலிருந்து நானே வீடு வீடாக ஓடினேன். “படம் நல்லாருக்கு லா அக்கா!” என்றார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் வீட்டுப் பெண் முறுக்குச் சுட்டுக்கொண்டே முழுப் படத்தையும் பார்த்து முடித்து, மூன்றாவது டிஸ்க்கை நீட்டினாள்.

“எண்ணெய்க் கை பட்டிருச்சிக்கா. சட்டி தேய்க்கிற நார்ல நல்லா தேச்சிக் கழுவிட்டேன். பளபளன்னு இருக்கு பாருங்க.”

அடிப்பாவி! கோடு கோடாக இருந்தது. அவள் முகத்தில் அத்தனை பெருமை. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு ஓடினேன். அடுத்த வீட்டில் போட்டோம். கதாநாயகன் ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டான். பற்பசை தடவித் துடைத்தேன். ஊதினேன். எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

“கடைசியில என்னாதான்கா ஆவுது?” வாசலுக்கு வாசல் கேட்டார்கள்.

“பொறுங்க லா, இந்தா கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு சிரம்பானுக்குப் பறந்தேன். வாங்கிய கடையில் கெஞ்சினேன். இன்னொரு செட் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே திரும்பினேன்.

சாயங்காலம் லயத்துக்குள் நுழைந்தபோது ஒரு வீட்டு வாசல் நிறையச் செருப்பு. பக்கத்தில் அந்தக் கள்ளப் பிரதிக்காரனுடைய மோட்டார். அவனுக்கு எங்கிருந்தோ பிரதி கிடைத்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். எனக்காகக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் பாயில் உட்கார்ந்து கடைசிச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் என் கணவர்.

“என்னங்க, நீங்களுமா?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எவ்வளவு நேரந்தான் காத்துக் கெடக்கிறது? அவன்கிட்ட இருந்துச்சு, போட்டான்.”

எங்கள் கடைக்காரரே அப்படிச் சொன்ன பிறகு, மற்றவர்களிடம் நான் என்னவென்று கேட்பது?