குழாயின் வலப்பக்கம்

மலாக்கா டவுனுக்குப் போகும் பஸ், சாலையின் எதிர்ப்பக்கம் நிற்கும். நான் கடக்கவில்லை. கடல் இருக்கும் திசையில், செம்பனை மரங்களின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் மாற்றுத் துணி, வெல்டிங் பூட்ஸ், தோல் கையுறை. பின்னால் பயிற்சி நிலையத்தின் தகரக் கூரை மரங்களுக்கு மேலே கொஞ்ச தூரம் தெரிந்துகொண்டே வந்தது. பிறகு ஒரு வளைவு வந்தது. அதற்கப்புறம் தெரியவில்லை.

இப்படி ஓர் இடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில், பள்ளியை விட்டேன். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன், விட்டேன். கார் கழுவும் கடை, சந்தையில் ஐஸ் இறக்குவது, லாரியில் சாமான் ஏற்றுவது, எல்லாவற்றையும் விட்டேன். யாரும் துரத்தவில்லை. ஒரு காலையில் எழுந்தால் போகத் தோன்றாது, அவ்வளவுதான். நாங்கள் குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அம்மா ஜொகூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே போனால் எனக்குப் பாய் விரிப்பார்கள். எப்போது கிளம்புகிறாய் என்று மறுநாள் அக்கா வீட்டு மாமா கேட்பார். வெல்டிங் படிக்கச் சேர்ந்ததுகூட விடுதியில் இடம் தருகிறார்கள் என்று யாரோ சொன்னதால்தான்.

சேர்ந்த பிறகு போகத் தோன்றவில்லை. ஒரு நாளும் தோன்றவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காரணம் வெல்டிங் இல்லை. அவன்.

பட்டறையில் மூன்று பக்கமும் தகரம் அடைத்த சின்னச் சின்னத் தடுப்புகள் உண்டு. ஒரு தடுப்புக்கு ஒரு மெஷின், இரண்டு பேர். எங்கள் தொகுதியில் தமிழர்கள் நாங்கள் இருவர் மட்டும் என்பதால் பயிற்றுநர் எங்களை ஒன்றாகப் போட்டார். அவன் புக்கிட் காத்திலைச் சேர்ந்தவன். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். என்னைவிட நான்கு வயது சின்னவன். வாய் மட்டும் பெரியது.

முதல் நாள் நான் வெல்டிங் குச்சியைப் பிடிக்கும் கைப்பிடியை இடக்கையில் எடுத்ததைப் பார்த்து, "என்னா மச்சான், பீச்சாங்கையா?" என்றான்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணும் இல்ல லா. நெருப்பு என் பக்கம் தெறிக்காம இருந்தா சரி."

பயிற்றுநர் மலாய்க்காரர். எந்தக் கையால் பிடித்தாலும் அவருக்குச் சம்மதம்தான். ஆனால் அன்றே பட்டறை முழுக்க எங்களுக்குப் பெயர் விழுந்துவிட்டது. மலாயில் இடது என்றால் கிரி, வலது என்றால் கானான். நான் கிரி. அவன் கானான். வருகை எடுக்கும்போதுகூடப் பயிற்றுநர் "கிரி-கானான் வந்தாச்சா?" என்று ஒரே பெயராகத்தான் கூப்பிடுவார்.

தகடு ஒட்டுகிற வரைக்கும் ஆளுக்கொரு தகடு. குழாய்க்கு வந்ததும் சிக்கல். குழாய் கிடைப்பது அரிது. ஒரு தடுப்புக்கு ஒரு குழாய்தான். இரண்டு துண்டுகளை முனைக்கு முனை சேர்த்து, முகத்துக்கு நேராகப் படுக்கைவாட்டில் ஒரு தாங்கியில் இறுக்கி வைப்பார்கள். அதைத் திருப்பக் கூடாது. குழாய் இருந்தபடியே இருக்கும், நாம்தான் அதைச் சுற்றி அடியிலிருந்து உச்சிவரை ஒரு பக்கம், மறுபடி அடியிலிருந்து உச்சிவரை மறுபக்கம் என்று போட வேண்டும். வலக்கைக்காரனுக்கு வலப்பக்கம் தண்ணீர் பட்டபாடு. இடப்பக்கம் வந்தால் முழங்கை தகரத்தில் இடிக்கும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும், குச்சி கோடு தப்பும். எனக்கு அப்படியே நேர்மாறு.

யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. நான் இடப்பக்கம் போட்டேன், அவன் வலப்பக்கம் போட்டான். ஒரு குழாய், இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. இதில் தப்பு என்ன இருக்கிறது? அவன் போடும்போது நான் ஒட்டிய இடத்தில் படியும் கசடைத் தட்டும் சுத்தியலோடு பின்னால் நிற்பேன். நான் போடும்போது அவன். முகமூடியை இறக்கினால் எல்லாம் இருட்டு. குச்சி தொட்டதும் ஒரு சின்ன வெளிச்சம், அதற்குள் உருகி ஓடும் இரும்பு. சரியாகப் போனால் அப்பளம் பொரியும் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால், "அப்படித்தான், அப்படித்தான், அவசரப்படாத" என்று அவன் குரல் கேட்கும். அதுவரை நான் செய்த எந்த வேலையிலும் என் முதுகுக்குப் பின்னால் யாரும் அப்படி நின்றதில்லை.

பட்டறையிலேயே எங்கள் குழாய்தான் அழகு. உச்சியிலும் அடியிலும் என் பாதியும் அவன் பாதியும் சேரும் இடத்தைப் பயிற்றுநர் விரலால் தடவிப் பார்ப்பார். எங்கே சேர்ந்தது என்று தெரியாது. "பாகுஸ்" என்பார், நல்லாயிருக்கிறது என்று. ஒருமுறை போகிறபோக்கில், "தேர்வில் ஒரு ஆள்தான் நிற்பான், ஞாபகம் இருக்கட்டும்" என்றும் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். தேர்வு அப்போது தூரத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்குப் போவான். திங்கட்கிழமை வரும்போது அவன் அம்மா கொடுத்தனுப்பிய டிபன் கேரியர் இருக்கும். கோழி வறுவலும் ரசமும். பட்டறைக்கு வெளியே, கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருக்கும் கம்பி வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

"ஏன்டா கிரி, சாப்பாடுன்னா மட்டும் எப்படிடா கானான் கை வேலை செய்யுது?"

"அது எங்கம்மா அடிச்சு அடிச்சு பழக்குனது."

"அப்போ வெல்டிங்குக்கும் அவங்களையே வரச் சொல்லு. நாலு போட்டா சரியாயிரும்."

வாரக் கடைசியில் விடுதி காலியாகிவிடும். கட்டில்கள் வரிசையாக, மெத்தை சுருட்டி வைத்து. நான் மட்டும் இருப்பேன். துணி துவைப்பேன். சனிக்கிழமை காலையிலேயே கிடைக்கிற பஸ்ஸில் ஏறி, தெரியாத நிறுத்தத்தில் இறங்கி, நடந்து திரும்புவேன். ஒரே ஒரு முறை அவன் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் அம்மா, "கூச்சப்படாம சாப்பிடுப்பா, இது உன் வீடு மாதிரி" என்றார். மாதிரி என்றாலும் எனக்கு அது பெரிதாகத்தான் இருந்தது. அன்று அவன் அப்பாதான் விஷயத்தைச் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒருவர் கப்பல் பட்டறைக்குக் குழாய் வேலைக்கு ஆள் எடுக்கிறார். தேர்வில் தேறினால் போதும், எங்கள் இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார். ஒரே குழு, ஒரே தங்குமிடம். திரும்பும் பஸ்ஸில் நாங்கள் அதைப் பற்றித்தான் பேசினோம். யார் சமைப்பது, யார் கட்டில் ஜன்னல் பக்கம் என்பதுவரைக்கும்.

ஒரு நாள் மதியம் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவன் கேட்டான்: "இந்த வாரம் நான் சனிக்கிழமைதான் வீட்டுக்குப் போறேன். பக்கம் மாத்திப் போட்டுப் பாப்போமா? நீ வலது, நான் இடது?"

"ஏன்டா, நல்லா போய்க்கிட்டிருக்கிற கல்யாணத்த முறிக்கப் பாக்குற?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். மறுபடி அவன் கேட்கவில்லை. சனிக்கிழமை நான் வழக்கம்போல் பஸ் ஏறிவிட்டேன்.

தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கழிவு இரும்புத் தொட்டியில் ஒரு தகடு தேடினேன். தகடு கிடைக்கவில்லை. மூன்று குழாய்கள் கிடைத்தன. வெல்டிங் என்பது கையெழுத்து மாதிரி. கூட இருந்தவனுக்கு யாருடையது என்று பார்த்தவுடன் தெரியும். மூன்றிலும் வலப்பக்கம் அவனுடையது, வரிசை தப்பாத அலைகள். இடப்பக்கம் என்னுடையது இல்லை. முதல் குழாயில் அது புதிதாகச் சேர்ந்தவன் போட்டது மாதிரி கட்டிகட்டியாக இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் நேராகியிருந்தது. மூன்றாவதில் அநேகமாகச் சரியாகவே வந்திருந்தது. நான் பஸ் ஏறிப் போன சனிக்கிழமைகளில் அவன் வீட்டிலிருந்து இங்கே வந்து பழகியிருக்கிறான்.

மூன்றையும் எடுத்த மாதிரியே திரும்ப வைத்தேன்.

அவனிடம் கேட்டிருக்கலாம். எனக்கும் சொல்லிக் கொடு என்று ஒரு வார்த்தை போதும், அவன் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டான். நான் கேட்கவில்லை. மறுநாள் எங்கள் குழாய் வந்தபோது வலப்பக்கத்தை அவனுக்கு விட்டுவிட்டு, என் பாதியை எப்போதையும்விட அழகாகப் போட்டேன். அவன் பின்னால் நின்று, "இன்னைக்கு என்னா லா, கோலம் போடுற?" என்றான். நான் அடுத்த குச்சியை மாட்டினேன்.

தேர்வன்று ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு குழாய். பின்னால் யாரும் இல்லை. இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் போனேன். முழங்கை இடித்தது. கையை மாற்றிப் பார்த்தேன். வலக்கைக்குச் சோறு எடுக்கத் தெரியும், இதற்குத் தெரியவில்லை. மறுபடி இடக்கை. அப்பளச் சத்தம் வரவில்லை. குச்சி ஒட்டிக்கொண்டது, துப்பியது. எப்படியோ மூடினேன். வெளியே பார்க்க மோசமில்லை. மேலே கிரைண்டரால் தேய்த்ததும் சுமாராகக்கூட இருந்தது.

மறுநாள் காலை குழாயிலிருந்து பட்டை பட்டையாக அறுத்து எடுத்து, எந்திரத்தில் வைத்து வளைத்தார்கள். நல்ல வெல்டிங் என்றால் பட்டை லாடம் மாதிரி வளையும், வெடிக்காது. என் இடப்பக்கத்துப் பட்டைகள் லாடமாயின. வலப்பக்கத்துப் பட்டை பாதியிலேயே வாயைத் திறந்தது. உள்ளே கசடு கறுப்பாகத் தெரிந்தது.

பயிற்றுநர் இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தார். "இது ரெண்டு பேர் போட்டது மாதிரி இருக்கே" என்றார்.

"இல்ல சார். நான் ஒருத்தன்தான்."

அவனுடையது எல்லாமே லாடம்.

விடுதியில் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவன் ஓடி வந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"சும்மா."

"சும்மா போறவனுக்கு பேக் எதுக்கு? ரீ-டெஸ்ட் இருக்கு லா. அடுத்த மாசம். சார்கிட்ட கேட்டுட்டேன்."

"நீ போ. கப்பல் காத்துக்கிட்டிருக்கும்."

"ரெண்டு பேரா போறதுன்னுதானே பேசுனோம்?"

"பேசுனோம். நீ தனியா பழகிக்கிட்ட."

அவனுக்கு முகம் மாறியது. எனக்குத் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "கூப்பிட்டேன்டா. கல்யாணம் முறியுதுன்னு காமெடி பண்ணது யாரு? அதுக்கப்புறம் நான் எப்படிக் கேக்குறது?"

அவன் சொன்னது உண்மை. பக்கத்தில் வாசல் காவலாளி வேறு எங்கோ பார்ப்பது போல நின்றார்.

"எங்கம்மா கேட்டா என்னான்னு சொல்லட்டும்?"

"ரசம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்றேன். நடந்துவிட்டேன். கூப்பிடுவான் என்று கொஞ்ச தூரம் மெதுவாகத்தான் நடந்தேன். அவன் கூப்பிடவில்லை.

அப்படித்தான் அந்தச் சாலையில் இருந்தேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தாண்டிப் போயின. ஒன்றுகூட நிற்கவில்லை, நானும் கை காட்டவில்லை. பழைய இடங்களை விட்டு நடந்தபோதெல்லாம் நடக்க நடக்க உடம்பு இலேசாகும். இந்த முறை ஆகவில்லை. ஒரு கடையில் ரொட்டி வாங்கித் தின்றேன். இருட்டியதும் சாலையோரத்து முனியாண்டி கோயிலின் சிமெண்டுத் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன். போனில் சார்ஜ் இல்லை. இருந்திருந்தால் அவன் கூப்பிடுகிறானா என்று பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

காலையில் கடலோர ஊரான கோலா சுங்கை பாருவில் இருந்தேன். மீன் படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. படகுத் துறையில் ஒரு வேன் நின்றது. அதன் பின்னால் ஜெனரேட்டரும் வெல்டிங் மெஷினும். தடித்த உடம்பு, பழுப்பேறிய பனியன் போட்ட ஒரு தமிழர், துறை ஓரத்துத் துருப்பிடித்த கைப்பிடிக் குழாயை அறுத்துத் துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். தனியாகவே பிடித்து, தனியாகவே அறுத்து, தனியாகவே திட்டிக்கொண்டும் இருந்தார். வரவேண்டிய ஆள் வரவில்லை என்பது அந்தத் திட்டிலிருந்து தெரிந்தது.

"அண்ணே, ஆள் வேணுமா?"

என் பூட்ஸைப் பார்த்தார். "வெல்டிங் தெரியுமா?"

"தெரியும்."

"குழாய்?"

"பாதி."

"பாதின்னா என்னா பாதி?"

"இடப்பக்கம் நல்லா வரும்ணே."

கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் செய்கிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு சிரித்துவிட்டார். "கைப்பிடிக்கு ரெண்டு பக்கமும் வேணும் தம்பி. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா மீன்காரன் தண்ணிக்குள்ள போயிருவான். சாப்ட்டியா?"

"இல்லண்ணே."

"முதல்ல ஒண்ணு போடு. அப்புறம் தின்னலாம்."

புதுக் குழாயைப் பழைய தூணுக்கும் தூணுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தார். திருப்ப முடியாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சிமெண்டுச் சுவர். கையுறையை மாட்டிக்கொண்டு மண்டியிட்டேன். பழக்கத்தில் கை இடப்பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன். குச்சிப் பிடியை வலக்கைக்கு மாற்றி, அடியிலிருந்து வலப்பக்கத்தை முதலில் தொடங்கினேன். குச்சி ஒட்டியது. பிடுங்கினேன். மறுபடி ஒட்டியது. பின்னால் யாரோ பனிக்கட்டி மூட்டையை இழுத்துப் போகும் சத்தம், படகு மோட்டார் சத்தம். அப்படித்தான், அவசரப்படாத என்று சொல்ல ஆள் இல்லை. நானே வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். உச்சிவரை வந்து முகமூடியைத் தூக்கிப் பார்த்தேன். கட்டிகட்டியாக இருந்தது. தொட்டியில் கிடந்த அந்த முதல் குழாய் மாதிரியே.

அவர் வந்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். ஒரு துண்டு உதிர்ந்தது.

"இது நிக்காது தம்பி. வழிச்சுட்டு மறுபடி போடு."

"இடது பக்கத்தை முடிச்சுட்டு வரட்டுமாண்ணே?"

"அதான் நல்லா வரும்னு சொன்னியே, அது எங்க போயிரப் போவுது? இத முடி."

கிரைண்டரை எடுத்தேன்.