அபெனாவுக்கு எங்கள் தெரு சொன்ன பதில்

போன ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் எங்கள் தெருவுக்குள் ஒரு டாக்சி வந்தது. மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் எருமைகூட யோசித்துத்தான் கால் வைக்கும். டாக்சி பாதியிலேயே சேற்றில் சிக்கிக்கொண்டது. கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உயரமான ஓர் ஆப்பிரிக்கப் பெண் இறங்கினாள். நேராக எதிர்வீட்டு ரூத் டீச்சரிடம் போய்,

“ஆன்ட்டி, சாப்பாடு இருக்கா?” என்றாள். தமிழில்!

அபெனா...

அவள் இன்று கானாவில் பெரிய கவிஞர். கவிதையை எழுதுகிறவள் இல்லை – நின்று சொல்கிறவள். பட்டணத்தில் ஏதோ மாநாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். (‘இறங்கினார்’, ‘சொன்னார்’ என்றுதான் எழுத வேண்டும். ரூத் டீச்சர் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் ஆயிற்றே, பேனா கேட்க மாட்டேன் என்கிறது.)

அறுபதுகளின் நடுவில், தாம்பரத்தில் தாவரவியல் படிக்க வந்தாள். ‘அபெனா’ என்றால் செவ்வாய்க்கிழமை பிறந்தவள் என்று அர்த்தமாம். “செவ்வாய்க்கிழமையா? ஜாதகம் பாத்தீங்களா?” என்று கவலைப்பட்டார் பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா.

ஒருநாள் தந்தி வந்தது. அவள் அப்பா இறந்துவிட்டார்.

கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்காகும். விமானம் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் யாருக்கு வாய்க்கும்? அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அழுகைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதுதான் எங்களை பயமுறுத்தியது.

ரூத் டீச்சர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிப் பேசி, கடைசியில் விஷயத்தை வாங்கினார். அவர்கள் குடும்பத்தில் அப்பா இறந்தால் மகள் எல்லோர் முன்னாலும் நின்று அவரைப் புகழ்ந்து சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் அவர் வழியனுப்ப ஆளில்லாமல் போனவராகிவிடுவாராம்.

“இங்கேயே சொல்லேன்மா.”

“தனியாகச் சொல்லக் கூடாது ஆன்ட்டி. கேட்கிறவர்கள் ‘டுயே’ என்று பதில் சொல்ல வேண்டும். உன் துக்கம் எங்களுக்கும் என்பது மாதிரி. இங்கே எனக்கு யார் பதில் சொல்வார்கள்?”

“ஏன், நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?” என்றார் டீச்சர்.

சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. ரயில்வே கிளார்க் ராஜரத்தினம் ஆபீஸ் பையோடு அப்படியே வந்து நின்றார். பால்காரர் முனுசாமி சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, “இன்னா சார், அந்தப் பொண்ணு பாடப் போவுதா?” என்று என் காதில் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அபெனா வந்தாள். கையில் தாள் இல்லை. கண்ணை மூடவில்லை. எங்களைப் பார்த்தே ஆரம்பித்தாள்.

பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு குரல். முதலில் யாரையோ மெதுவாகக் கூப்பிட்டது. பிறகு கெஞ்சியது. பிறகு... சண்டை போட்டது! விமானப்படை ப்ளேன் ஒன்று தலைக்கு மேலே போயிற்று. அவள் நிறுத்தவில்லை. குரல் அந்த இரைச்சலையும் தாண்டி ஏறியது.

திடீரென்று நிறுத்தி, எங்களைப் பார்த்தாள்.

அவள் நிறுத்தினால் ‘டுயே’ சொல்ல வேண்டும் என்று டீச்சர் முன்பே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். “டுயே...” என்றார் மீனாட்சி அக்கா, முதல் ஆளாக. அடுத்த முறை டீச்சர், ராஜரத்தினம், முனுசாமி, நான் – தெருவே சொன்னது. ஒரு வார்த்தைகூடப் புரியாமல் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். முடித்தபோதுதான் அபெனாவும் அழுதாள்.

முனுசாமி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பெத்தவரு நல்லா வாழ்ந்துகீறாரு சார்.”

எப்படித் தெரிந்ததாம்? கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் அது தெரிந்திருந்தது.

படிப்பை முடித்து ஊருக்குப் போனவள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தினாள். துக்க வீடுகளில் சொல்லக் கூப்பிட்டார்கள். பிறகு திருவிழாக்களில், சந்தைத் திடல்களில், ரேடியோவில். வேலையை விட்டுவிட்டாள். இப்போது அவள் நின்று சொன்னால் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்களாம்.

“எழுதியே வைக்க மாட்டியாம்மா?” என்றேன் ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் வீட்டில் பழைய ஆட்கள் எல்லாம் கூடியிருந்தபோது.

“எழுதினா வாய் சோம்பேறி ஆயிடும் அங்கிள்!”

சாப்பிட்டு முடித்ததும் அவளே சொன்னாள். ஊருக்குப் போன அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி – “அப்பாவை அனுப்பும்போது உனக்குப் பதில் சொன்னது யார்?” அபெனா எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லியிருக்கிறாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாராம். அதுவே கவிதையாகிவிட்டது. மேடையில் அவள் முதலில் சொன்னதும் அதுதான். இன்றும் ஜனங்கள் கேட்டு வாங்குவதும் அதுதானாம்.

எங்களுக்காக ஒருமுறை சொன்னாள். புரியாத மொழிக்கு நடுவே ரூத்... மீனாட்சி... ராஜரத்தினம்... முனுசாமி...

முனுசாமி எழுந்தே நின்றுவிட்டார். “நம்ம பேரா? அம்மாந்தூரத்துலயா? அவுங்களுக்கு நம்மள யாருன்னே தெரியாதேம்மா!”

“தெரியாது” என்று சிரித்தாள் அபெனா. “அவங்க கேட்கவும் மாட்டாங்க. ஒவ்வொரு பேருக்கும் பதில் மட்டும் சொல்லுவாங்க.”