தட்டில் ஏறாதீர்கள் என்று சொன்ன நாள்

சுத்தியல்

எங்கள் தீயணைப்பு நிலையத்தின் கொங்கிரீட் கூரைத் தட்டைப் பொறியியலாளர் குகன் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல கொங்கிரீட்டைத் தட்டினால் கையில் அதிரும். எங்களுடையது வெறும் பெட்டியைத் தட்டுவது போல் கேட்டது. இன்னும் ஒரு தட்டுத் தட்டினார். ஓடளவு துண்டொன்று கழன்று தீயணைப்பு வண்டியின் பொனட்டில் விழுந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. கம்பி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

"அண்ணன், இது உப்பு மணல் போட்டுக் கட்டினது. உள்ளுக்க இருந்தே தின்னுது" என்றார் குகன். காரைதீவுக்காரர், மாநகர சபைக்குப் புதிதாக வந்தவர். "மேல ஆக்கள் ஏறுறவங்களா?"

ஏறுகிறவர்களின் பெயர்கள்கூட எனக்குத் தெரியும்.

நிலையம் கடற்கரை வீதியில் இருந்தது. வண்டி நிற்கும் கூடத்துக்கு மேல் அந்தத் தட்டு, பக்கத்தில் வெளிப்படி. சுனாமியன்று சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் போய்விட்டன. தட்டில் ஏறியவர்கள் மட்டும் பிழைத்தார்கள். அதன் பிறகு, கடல் இரைச்சல் கொஞ்சம் மாறினாலும் அந்தப் பகுதிச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் தட்டுக்குத்தான் வரும். நாங்களும் தடுத்ததில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்த நாட்களும் உண்டு. நிலையப் பொறுப்பாளராக எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

பூட்டு

சபையில் இரண்டு யோசனைகள் கிடந்தன. ஒன்று, இருப்பதைத் திருத்துவது. மற்றது, மெயின் ரோட்டுக்கு அப்பால் வயல்வட்டை ஓரமாகப் புதிதாகக் கட்டுவது. ஒவ்வொரு கூட்டத்திலும் கதைப்பார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவார்கள். ஆணையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முடிவெடுக்கிற வரைக்கும் தட்டப் பற்றி வெளிய கதைக்காதீங்க. சனம் வீணாப் பயந்திரும்."

"பயப்படத்தானே வேணும் சேர்" என்றேன்.

"நீங்க நெருப்ப அணைங்க. மற்றத நாங்க பாக்கிறம்."

நான் வெளியே வந்து நேரே கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினேன். படிக்குக் கம்பிக் கேட் போட்டுப் பூட்டினேன். பின்னேரமே றஹ்மத் வந்து நின்றாள். பக்கத்துச் சந்து ஒழுங்கைக்காரி, கணவன் ஒலுவில் துறைமுகத்திலிருந்து படகில் போகிறவர். சுனாமியன்று கைக்குழந்தையோடு அந்தத் தட்டில் ஏறியவள் அவள். நிலையத்தைத் திருத்துங்கள், இடம் மாற்றாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான்.

"என்ன காக்கா, படிக்குப் பூட்டு?" எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "தட்டு பழுது தங்கச்சி. ஏறினா விழுந்திரும்."

சிரித்தாள். "சுனாமியே அசைக்காத தட்டு. இஞ்சினியர் சுத்தியலால தட்டினவுடன பழுதாப் போயிட்டாமா?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை.

கடல் வாங்கிட்டாம்

அது பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். வீதியில் ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான்: "கடல் உள்ளுக்கு வாங்கிட்டாம்! ஓடுங்க!"

சுனாமியன்றும் கடல் முதலில் பின்வாங்கித்தான் வந்தது. அவ்வளவுதான். ஒழுங்கைகளிலிருந்து சனம் பொங்கி வந்தது. நான் அனர்த்த எச்சரிக்கைப் பிரிவுக்குப் போன் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. அதற்குள் கல்லால் பூட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் படியில் குறுக்கே நின்றேன்.

"ஏறாதீங்க! தட்டு தாங்காது! மெயின் ரோட்டுப் பக்கம் ஓடுங்க!"

யார் கேட்டது? என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு ஏறினார்கள். பிள்ளைகள், குர்ஆனைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்தவர்கள், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட ஒருவர். கூடத்துக்குள் சீலிங்கிலிருந்து மணல் கொட்டத் தொடங்கியது. அத்தனை பேரும் எங்கள் நிலையத்தில், எங்கள் கண்முன்னே சாகப்போகிறார்கள் என்று நினைத்தேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ட்ரைவர் றிஸ்வான் ஓடி வந்தான். "காக்கா, என்ன செய்யிற?"

"சைரனப் போட்டு வண்டிய வெளிய எடு. வட்டைப் பக்கம் போ. மெதுவாப் போ."

"எங்க நெருப்பு?"

"நெருப்பில்ல மனே. நாம ஓடுறம்."

என்னை ஒரு பார்வை பார்த்தான். தீயணைப்புக்காரனிடம் யாரும் சொல்லாத சொல் அது. ஆனாலும் ஓடிப் போய் ஏறினான். மற்றவர்களும் தொற்றிக்கொண்டார்கள். சைரன் அலற வண்டி கேட்டைத் தாண்டியதும் தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், பயர்காரனுகளே ஓடுறானுகள்டா!"

என் தொண்டை கிழிந்தும் நடக்காதது அந்த ஒரு வசனத்தில் நடந்தது. ஏறியவர்கள் மளமளவென்று இறங்கினார்கள். எங்களைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டே சைரனுக்குப் பின்னால் மேற்கே ஓடினார்கள்.

மேலே இரண்டு பேர்

எல்லோரும் போன பிறகு நிமிர்ந்து பார்த்தேன். தட்டு விளிம்பில் றஹ்மத்தின் முக்காடு தெரிந்தது. பக்கத்தில் அவள் மகள் சப்னா, நிறைமாதம்.

பீம் போகிற கோட்டில் மட்டும் கால் வைக்கலாம் என்று குகன் சொல்லியிருந்தார். அந்தக் கோட்டிலேயே அடி மேல் அடி வைத்துப் போனேன். காலுக்குக் கீழே கொங்கிரீட் நறநறத்தது. கடலைப் பார்த்தேன். எப்போதும் போல்தான் கிடந்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை. அதன் அமைதியை முன்பும் ஒருமுறை நம்பினோம்.

"இறங்குங்க தங்கச்சி."

"இவளுக்கு மாதம் நிறைஞ்சிட்டு காக்கா. எப்பிடி ஓடுற?"

"என்ட மோட்டார் சைக்கிள் இரிக்கி."

"வழியில கடல் புடிச்சா?"

"நானும் உங்களோடதான் வாறன்" என்று கையை நீட்டினேன்.

றஹ்மத் மகளின் கையைப் பிடித்து என் கையில் தந்தாள்.

மூன்று பேருமாக வட்டை ஓரம் போய்ச் சேர்ந்தபோதுதான் தகவல் வந்தது: எச்சரிக்கை எதுவும் இல்லை, வெறும் வதந்தி. சனம் எங்களைச் சூழ்ந்துகொண்டு ஏசியது. 'ஓடின பயர்' என்ற பெயர் அன்று விழுந்தது. இன்றும் சில பெடியன்கள் என்னைக் கண்டால் சைரன் மாதிரி ஊளையிடுவார்கள். அது எனக்குப் பொருட்டே இல்லை. கடல் மெய்யாகவே வந்திருந்தால், நான் ரோட்டில் இறக்கிவிட்ட சனத்தின் கதி என்ன? அந்த நினைப்புத்தான் இன்றும் என்னை உலுப்பி எழுப்புகிறது.

எங்க ஏறுற?

அடுத்த கூட்டத்தில் யாரும் தள்ளிப்போடவில்லை. புதிதாகக் கட்டுவதென்று முடிவானது. பழையதை இடிக்கும் நாளில் றஹ்மத்தும் வீதியில் வந்து நின்றாள். இயந்திரத்தின் வாளி ஒரு தரம்தான் தொட்டது. முழுத் தட்டும் ஒன்றாக இறங்கியது. புழுதி அடங்கும்வரை அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"யா அல்லாஹ்... இதிலயா நாங்க இவ்வளவு காலமும் ஏறின?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி காக்கா, இனி நாங்க எங்க ஏறுற?"

புதிய பிளானை அதுவரை பத்துத் தரமாவது பார்த்திருப்பேன். ஒரே தளம், மேலே தகரம். அந்தக் கேள்வி எனக்கு ஒரு தரமும் தோன்றியதே இல்லை. அன்றே குகனிடம் போனேன், இருவருமாக ஆணையாளரிடம் போனோம்.

"நாம கட்டுறது பயர் ஸ்டேஷனா, சனம் ஏறுற மாடியா?" என்றார் ஆணையாளர்.

"ரெண்டும்தான் சேர்."

கொஞ்சம் இழுபறிப்பட்டது. கடைசியில் தட்டும் அகலமான வெளிப்படியும் வரைந்தார்கள். கேட் கிடையாது.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். பழையதைத் திருத்துவதா, புதிதாகக் கட்டுவதா என்று கணக்குப் பார்க்கும்போது, அந்தக் கட்டடத்தை நம்பி வாழ்கிறவர்களிடமும் போய்க் கேளுங்கள். தட்டு பழுதென்றால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே ஓடுவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

திறப்பு விழாவன்று, பேச்சுகள் முடியுமுன்னே றஹ்மத் படியேறினாள். பின்னால் சப்னா, இடுப்பில் பிள்ளை. றஹ்மத் தட்டின் நடுவில் போய் நின்று குதிக்காலால் ஓங்கி மிதித்தாள். மறுகா ஒரு தரம் மிதித்தாள். கீழே கூடத்துக்குள் நின்ற எனக்கு நேர் மேலே அந்தச் சத்தம் கேட்டது. நல்ல கொங்கிரீட், குகன் கூடவே நின்று போடுவித்தது. ஒரு மண் துகள்கூட விழவில்லை. இருந்தும் என் கால்கள் என்னைக் கேட்காமலே கூடத்தை விட்டு வெளியே வந்திருந்தன.