பார்க்கவா, வாழவா?

1956. இன்று தனுஷ்கோடியில், இலங்கைக்குப் போகும் தலைமன்னார் கப்பலுக்கான வரிசையில் எனக்கு முன்னால் தேவிபட்டினத்து மரியம் நின்றார். அவர் கணவருக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. இரண்டு வருட வசிப்பு அனுமதி உண்டு. மரியத்திடம் இருந்தது மூன்று மாத விசிட் விசா.

"எதுக்கும்மா போறீங்க?" என்றார் விசா பார்க்கும் அதிகாரி.

"எம் மாப்பிள்ளையோட வாழத்தான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இது பார்த்துட்டுத் திரும்புற விசாம்மா. வாழப் போறதுன்னா வேற விசா வேணும். இதுல அனுப்ப முடியாது."

மரியத்தின் முகம் வாடிவிட்டது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் இருவரும் சேர்ந்திருந்தது நாற்பது நாள்தான் என்று வரும்போது ரயிலில் என்னிடம் சொல்லியிருந்தார்.

"அப்பச் சரிங்க, பாத்துட்டே வாரேன்," என்றார் மெதுவாக.

முத்திரை விழுந்தது.

புருஷனைப் பார்ப்பது எத்தனையாவது நாளில் வாழ்வதாக மாறும்? விசா படிவத்தில் தேடினேன், இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.