கடைசிக் குண்டைக் காற்றுக் கொண்டுபோன கதை

வீட்டில் இருந்து தோட்டா நிரப்புவது ஒரு நன்றி கெட்ட வேலை: நிரப்பினதெல்லாம் சரியாக வெடித்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், ஒன்று பிழையாகிப்போனால் போதும், எல்லாருக்கும் உங்கள் பெயர் பாடமாகிவிடும். என் விஷயத்தில் அந்த ஒன்றுகூடப் பிழையாகவில்லை. ஆனாலும் அநியாயம் நடந்தது எனக்குத்தான். செய்தவர் எங்கள் சுடுகழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் மால்கம். தோட்டா முழுதாக உள்ளே போகாமல் பூட்ட மறுத்த துவக்கை வலிந்து பூட்டாமல் கையைத் தூக்கி நிறுத்தினேன் என்பதற்காக, புதிதாகச் சேர்ந்த அத்தனை பேருக்கும் முன்னால் என் தோட்டாக்களைச் ‘சமையலறைச் சாமான்’ என்று சொல்லி, அவற்றைக் கழகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டார்.

லண்டனில் தோட்டா நிரப்புகிற தமிழர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தவிர இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து வாருங்கள், அழுவதற்கு ஆள் தேவை. மற்றவர்களும் வாசிக்கலாம். வீட்டின் ஒரு மூலையில் இருந்து ஏதாவது நுணுக்கமாகச் செய்து, அதற்காக ஏச்சு வாங்கின எல்லாரும் என் இனம்தான்.

பொக்ஸ் ரூம்

ஹரோவில் எங்கள் வீட்டின் மாடியில், படியேறியதும் ஒரு சின்ன அறை. சூட்கேசுகளும் உடைந்த வக்குயூம் கிளீனரும் இருந்த அறை அது. பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போன இடத்தில் இலக்குச் சுடுதலில் விழுந்து, பிறகு கடைத் தோட்டா போதாதென்று என் துவக்குக்கு ஏற்ற தோட்டாவை நானே நிரப்ப ஆசைப்பட்டபோது, அந்த அறையைத்தான் கேட்டேன். அனுமதிக்குப் பொலிசில் இருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். துவக்கு வைக்கச் சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், அதன் பூட்டுக்குத் திறப்பு என்னிடம் மட்டும் இருக்கிறதா என்று கேட்டார், கீழே வந்து அம்மாவின் ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டார். கடைசியாக அப்பாவைப் பார்த்து, உங்களுக்கு ஏதும் ஆட்சேபம் உண்டா என்றார்.

அப்பா ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் பேசுவார். வெடிச் சத்தத்துக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடி வந்த ஆள் தான் என்றும், இப்போது தன் மகள் தன் தலைக்கு மேல் அறையில் இருந்து தோட்டா செய்யப் போகிறாள் என்றும், இதில் தான் என்ன சொல்வது என்றும் கேட்டார். அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டார். மற்ற வீடுகளில் தகப்பன்மார் சுவர் பழுதாகுமா என்றுதான் கேட்பார்களாம். அவர் போன பிறகு அப்பா என்னை மறித்துத் தன் நிபந்தனையைச் சொன்னார். சட்டம் படிக்கிற எனக்கு அதில் ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை.

“ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உன்ர வேலை பாதுகாப்பில்லை எண்டு சொன்னாலும் காணும், பிள்ளை. அண்டைக்கே இந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகும். ஓமோ?”

இடியப்ப உரல்

பெரிய தோட்டா நிரப்புகிறவர்களுக்கு எங்கள் கவலை புரியாது. என் தோட்டாவின் கோதுக்கு, அதாவது பித்தளை உறைக்கு, இருக்கிற வாய், ஒரு பென்சிலைக்கூட உள்ளே விடாது. வெடிமருந்தோ நறுக்கின குச்சித் துண்டுகள் மாதிரி. புனலால் ஊற்றும்போது இரண்டு துண்டு குறுக்கே விழுந்தால் போதும், மேலே பாலம் கட்டிவிடும். ஊற்றியாயிற்று என்று நீங்கள் நினைப்பீர்கள். கோது வெறுமையாக இருக்கும். அதன் வாயில் குண்டை வைத்து அழுத்திவிட்டால், பிறகு வெளியில் இருந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க ஏலாது.

இதை நான் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். இதிலென்ன புதினம், இடியப்ப உரலுக்குள் மா இறுகுகிற மாதிரித்தானே என்றார். தட்டினால் விழும் என்றேன். அன்றைக்கு அவர் சொன்னதன் பிறகுதான், குண்டு வைக்க முதல் எல்லாக் கோதுகளையும் மரத் தட்டில் நிறுத்தி, ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு வந்தது.

“நான் தட்டிப் பாக்கிறேல்லை. திறந்து பாக்கிறனான். தட்டிப்போட்டு விழுந்திட்டுது எண்டு நம்புற ஆக்களுக்குத்தான் இடியப்பம் பிய்யிறது.”

பல் டொக்டர்

சரேயில் உள்ள எங்கள் கழகத்துச் சுடுதளத்தின் பின் அறையில், புதியவர்களுக்குத் தோட்டா நிரப்பப் பழக்குகிற வகுப்பு நடக்கும். நடத்துபவர் மால்கம். நல்ல மனிதர்தான், மழைக்கும் குளிருக்கும் முதல் ஆளாக வந்து கதவு திறப்பவர். தன் குண்டுகளுக்கு வழுவழுப்பான கறுப்புப் பூச்சுப் பூசுவார். கழகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. ஆனால் மருந்து இறங்கிவிட்டதா என்று பார்க்க, நிரப்பி முடித்த தோட்டாவைக் காதோரம் வைத்து ஆட்டிக் கேட்பார். சிறிய தோட்டாவில் அது சரிவருமா, மருந்து நெருக்கி நிறைந்தாலும் சத்தம் இல்லை, வெறுமையாக இருந்தாலும் சத்தம் இல்லையே என்று நான் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். டோர்ச் அடித்துப் பார்க்கலாமே என்றும் சொன்னேன். வகுப்பு சிரித்தது, ஏனென்றால் அவர் பதில் அப்படி.

“ஒவ்வொரு வாயாக டோர்ச் அடித்துப் பார்க்க நான் என்ன பல் டொக்டரா, மை டியர்?”

அந்த ‘மை டியர்’ எனக்கு இன்னும் சமிக்கவில்லை.

மாட்டுப்பட்ட கோது

நான் பிழையே விடாத ஆள் என்று நினைக்க வேண்டாம். சுட்ட கோது வெப்பத்தில் கொஞ்சம் பருத்துவிடும். அதைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவர, எண்ணெய் பூசி ஓர் உருக்கு அச்சுக்குள் அழுத்த வேண்டும். எண்ணெய் கூடினால் கோது நெளியும் என்று எங்கோ வாசித்துவிட்டு, தொட்டும் தொடாமலும் பூசினேன். கோது உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை. அச்சை அழுத்துகிற பிரஸ்ஸின் கைப்பிடியில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன், மேசைதான் எழும்பியது.

வால்தம்ஸ்டோவில் கராஜ் வைத்திருக்கிற மாமாவிடம் அச்சைக் கொண்டுபோனேன். ஜெர்மனியில் இருந்து வந்தவர், எதையும் கழற்றாமல் விடமாட்டார். அச்சை வைஸ் இடுக்கியில் இறுக்கி, கோதின் அடியைத் துளைத்து, ஒரு போல்ட்டைப் பூட்டி இழுத்து எடுத்தார். எனக்கு அந்த அச்சைச் செய்தவர் மேல்தான் கோபம் என்றேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“எண்ணெய் விடாமல் தோசை போட்டுட்டு, கல்லைச் செய்தவனோட சண்டைக்குப் போறியோ?”

கதவு

மருந்து நிறுக்கிற என் தராசு ஒரு ராங்கிக்காரி. யாராவது கதவைத் திறந்தால் அந்தக் காற்றுக்கே எண் மாறும். ஹீட்டர் போட்டால் மாறும். நான் பெருமூச்சு விட்டாலும் மாறும். அதோடு, நடுவில் யாரும் கூப்பிட்டால் மரத் தட்டில் நிற்கிற கோதுகள் எல்லாவற்றிலும் இருந்து மருந்தைத் திரும்பக் கொட்டி, முதலில் இருந்து தொடங்குவேன். எந்தக் கோதில் விட்டேன் என்று ஊகிப்பதில்லை. அப்பா இதை நம்பவில்லை. ‘சாப்பிட வா’ என்று கதவைத் திறந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். இன்னொரு நாளும் திறந்தார். இன்னொரு நாளும் கொட்டினேன். நான் கோபித்துக் கத்தியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். மூன்றாம் முறை, படியில் காலடி கேட்டது. கதவு திறக்கவில்லை. நான் முடித்து வெளியே வந்தபோது அப்பா மேல் படியில் கோப்பையோடு இருந்தார்.

“தேத்தண்ணி ஆறிப்போச்சு. பறவாயில்லை, நான் கதவைத் தொடேல்லை.”

கடைசிக் குண்டு

இனி வழக்குக்கு வருகிறேன். அன்றைக்குக் கழகத்தின் பொதுத் துவக்கொன்றில், தான் நிரப்பிய தோட்டாக்களை வைத்து மால்கம் புதியவர்களுக்குச் சுட்டுக் காட்டினார். பக்கத்து வரிசைகளிலும் சூடு நடந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் காதில் மூடி. சின்னத் தோட்டா தோளில் உதைப்பதே குறைவு, உதைக்காவிட்டாலும் பெரிதாகத் தெரியாது. தூரத்து இலக்கில் அவருடைய கடைசிச் சூட்டுக்கு மட்டும் துளை இல்லை. அதைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று புதியவர்களுக்கு விளக்கம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அதுவும் என் துவக்கின் அளவுதான் என்பதால், அடுத்து அதில் சுட நான் படுத்தேன். என் முதல் தோட்டாவை வைத்துத் தள்ளினேன். பூட்டவில்லை. கொஞ்சம் அழுத்தினால் பூட்டிவிடும் போலத்தான் இருந்தது. அந்த ‘கொஞ்சம்’ என்கிற இடத்தில்தான் கையும் கண்ணும் போகும் என்று நாங்கள் படிக்கிறோம். கையைத் தூக்கினேன். மால்கம் வந்தார், என் தோட்டாப் பெட்டியைப் பார்த்தார், துவக்கைப் பார்க்கவேயில்லை. என் தோட்டாக்கள் அளவு பிழை என்றார். இனி இவற்றை இங்கே கொண்டுவரக் கூடாது என்றார். காதில் மூடி போட்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“புதியவர்கள் எல்லாரும் பாருங்கள். சமையலறையில் செய்த சாமானை நம்பினால் இப்படித்தான் ஆகும்.”

கறுப்பு

துவக்குகளைத் திருத்துகிற ஐரீனிடம் அதைக் கொண்டுபோனார்கள். நானும் கேட்காமலே பின்னால் போனேன். என் தோட்டாவை வெளியே எடுத்து அளந்தார், அளவு சரி. பிறகு குழலின் முன்வாயால் ஒரு நீளக் கோலை விட்டார். கடைசிவரை போகாமல், தோட்டா உட்காருகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஏதோ தட்டுப்பட்டது. மெல்லத் தட்டத் தட்ட, ஒரு குண்டு வெளியே வந்து துணியில் விழுந்தது. மருந்தே இல்லாமல், அடியில் இருக்கிற சின்ன வெடிமூடியின் பலத்தில் மட்டும் நகர்ந்து, குழலின் தொடக்கத்திலேயே மாட்டிக்கொண்ட குண்டு. நான் வலிந்து பூட்டிச் சுட்டிருந்தால், இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஐரீன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். யாரையும் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

“உன்னுடையது செம்பு நிறம். இது கறுப்பு. கறுப்புப் பூசுகிற ஆள் பக்கத்து அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.”

ஆட்சேபம்

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் நானே சொன்னேன். நிபந்தனை நிபந்தனைதானே. ஒருவர் சொல்லிவிட்டார். ஆனால் பொய்யாகச் சொல்லிவிட்டார், குண்டு கறுப்பு என்று வாதாடினேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். பெட்டியைப் பார்த்தார். ஐரீன் சொன்னதைத் தான் நம்புவதாகவும், ஆனால் அந்த மனிதர் சொன்னதை அங்கே நின்ற எல்லாரும் கேட்டவர்கள்தானே என்றும் சொன்னார். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி கிட்ட வந்துகொண்டிருந்தது. என் பெயர் அணியில் இருந்தது. தடை இருந்தால் என் தோட்டா இல்லை. பெட்டி போனால் என் துவக்கே இல்லை.

“ஆர் செய்த பிழை எண்டது எனக்கு விளங்குது. அந்த மனிசன் தன்ர வாயால திருப்பி எடுத்தவரோ? இல்லையெல்லோ. எடுக்கட்டும், பாப்பம்.”

அதே சத்தத்தில்

பெட்டி இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அது இலேசில் தப்பவில்லை. மால்கம் முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘ஒரு தவறு நடந்துவிட்டது’ என்றார், மழை பெய்துவிட்டது என்கிற மாதிரி. தடையைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். எந்த ஆட்களுக்கு முன்னால் என்னைச் சொன்னீர்களோ, அவர்களுக்கு முன்னால், சொன்ன அதே சத்தத்தில் சொல்லுங்கள் என்றேன். அப்படிச் செய்தால் புதியவர்களுக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விடும் என்றார். என்மேல் போனது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். சுடவில்லை. பின்னால் கிடந்த மர வாங்கில் டோர்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். தேநீர் நேரத்தில் அதே கேள்வியை, மரியாதையாக, அதே சொற்களில் கேட்டேன். சிலருக்கு நான் ஒரு தொல்லை. ஒருவர் அதை என் முகத்துக்கே சொன்னார். ஐரீன் மட்டும் எனக்கு எப்போதும் ஒரு பிஸ்கட் கூடுதலாக வைப்பார். இப்படியே போய், போட்டிக்கு முந்தின ஞாயிறு மால்கமின் வகுப்பு வந்தது. அதே புதியவர்கள். அவர் மருந்து ஊற்றி முடித்தார். எல்லாக் கோதுகளும் மரத் தட்டில் வாய் திறந்தபடி நின்றன. குண்டு வைக்கக் கையை நீட்டியவர், அப்படியே நிறுத்தினார். தட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்பைக் கடந்து என் வாங்குக்கு வந்தார்.

சட்டம் படித்து நான் கண்ட உண்மை இவ்வளவுதான்: விடாமல் கேட்டால் பதில் வரும், ஆனால் வரும்போது அதுவும் ஒரு வேலையைக் கையில் தந்துவிட்டுத்தான் போகும், ஏனென்றால் மால்கம், முதலில் வகுப்பையும் பிறகு என்னையும் பார்த்து, சுவரும் கேட்கிற சத்தத்தில், கடைசியாகச் சொன்னது இது: “அன்றைக்குக் காற்று இல்லை, அந்தக் குண்டு என்னுடையது, இவளுடைய தோட்டாவில் ஒரு குறையும் இல்லை, இந்தக் கோதுகளைக் குண்டு வைத்து நான் மூட முதல், உங்கள் டோர்ச்சால் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?”