பார்க்காமல் போட்ட கையெழுத்து

என் மனைவி ஜெயராணியின் இடது தொடையில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. நான் பார்த்த முதல் அறிகுறி அதுதான். சுற்றியிருந்த தோல் கறுத்து, தொட்டால் பலகை போல இறுகியிருந்தது. அவள் கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடம் நர்சாக இருந்தவள். புண்ணுக்கு அவளே மருந்து வைத்துக் கட்டிக்கொண்டாள். டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"நர்சுக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் என் வேலை.

புண் சீழ்க்கட்டியாகிக் காய்ச்சல் வந்தது. அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே கீறிச் சுத்தம் செய்த டாக்டர், அதைச் சுற்றி நிறைய ஊசித் தழும்புகளைப் பார்த்துவிட்டார். அவர் கேட்டதும் அவள் மறைக்கவில்லை.

நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவளுக்கு முதுகுவலி. வார்டில் பென்டசோசின் (கடுமையான வலிக்குப் போடும் ஊசிமருந்து) இருந்தது. ஆம்பியூலை (கழுத்தை உடைத்து மருந்தெடுக்கும் கண்ணாடிக் குப்பி) ஒருமுறை உடைத்தால் மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு நர்ஸ் பார்க்கத் தொட்டியில் ஊற்றிவிட்டு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வேலை ஓட்டத்தில் அந்த இன்னொருவர் பார்க்காமலே போட்டுவிடுவார். மிச்சம் ஜெயராணியின் முதுகுவலிக்குப் போனது. பிறகு வலி இல்லாத நாளிலும் போனது. கடைசி இரண்டு மாதம் நோயாளிக்குப் போக வேண்டியதிலும் பாதியைத் தான் எடுத்ததாகப் பின்னாளில் சொன்னாள். அதையும் எழுதச் சொன்னவள் அவள்தான்.

அங்கே தலைமை நர்சான மேட்ரன் கோட்டயம் பக்கத்துக்காரர். என்னை அறைக்குள் கூப்பிட்டார். அதுவரை அந்த மருத்துவமனைக்குள் நான் போனதே இல்லை. எப்போதும் வெளியே டீக்கடையில்தான் நிற்பேன்.

"சேட்டா, இவள் நல்ல நர்ஸ். ஆனா இப்ப இவளை நம்பி ஒரு கட்டிலைக்கூட விடமாட்டேன். மதுரையில சேர்த்து வைத்தியம் பாருங்க. திரும்பி வந்தா வேலை உண்டு, நான் சொல்றபடி இருந்தா."

மதுரையில் மூன்று வாரம். முதல் ஐந்து நாள் மூக்கு ஒழுகியது, வியர்த்துக் கொட்டியது, கால்கள் கட்டிலில் நிற்கவில்லை. அது அடங்கிய பிறகு நால்ட்ரெக்ஸோன் (அந்த ஊசியின் போதை ஏறாமல் தடுக்கும் மாத்திரை) கொடுத்தார்கள். கூடவே கட்டம் போட்ட ஓர் அட்டை.

"தினமும் காலையில உங்க முன்னாடி முழுங்கணும். அப்புறம் பத்து நிமிஷம் பேசிக்கிட்டு இருங்க. அதுக்கப்புறம்தான் கையெழுத்து," என்றார் மனநல மருத்துவர்.

"என்ன பேசுறது சார்?"

"உங்க சம்சாரத்துகிட்ட என்ன பேசணும்னு நான் எழுதித் தரணுமா?"

அவள் வேலைக்குத் திரும்பியபோது மருந்து அலமாரிச் சாவி அவளிடம் இல்லை. இரவுப் பணியும் இல்லை. எந்த நாளில் கேட்டாலும் இன்னொரு நர்ஸ் முன்னிலையில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். மாதா மாதம் என் அட்டையை மேட்ரனிடம் காட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்கு இப்படி.

மூன்று மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு மழைக்காலம் வந்தது. மழை விட்டதும் மருந்தடிக்காவிட்டால் திராட்சைப் பூவில் நோய் விழுந்துவிடும் என்பதால் நான் ஐந்தரைக்கே கிளம்ப வேண்டியிருந்தது. அவள் எழுவது ஆறரைக்கு. ஞாயிற்றுக்கிழமையே ஏழு கட்டத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். வேலை மட்டும் காரணமில்லை. படித்தவளை எதிரே உட்காரவைத்து, வாயைத் திற என்று பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டதால் நான் வீட்டில் இருந்தேன். அவள் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்காச்சும் என் முன்னால போடு."

"பொறவு போட்டுக்கிறேன் மாமா."

"டாக்டர் சொன்னாகல்ல? போடு."

சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

அரை மணி நேரத்தில் கொட்டாவி, வியர்வை, வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். "நாலு நாளா மாத்திரை போடல மாமா. வெளிய வாங்கி ஊசி போட்டுக்கிட்டேன்," என்றாள். ஊசிமருந்து உடம்பில் இருக்கும்போது இந்த மாத்திரையைப் போட்டால், நாள்கணக்கில் வரவேண்டிய அவஸ்தை ஒரே அடியாக வரும். அது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். என்னிடம் சொல்வதைவிட விழுங்குவது அவளுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் இந்த மாத்திரை இருந்தால் இதை நினைவில் வையுங்கள். இடையில் நின்றுபோனால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

"அங்கன மட்டும் வேணாம் மாமா. வேலை போயிரும். தேனிக்குப் போயிருவோம்," என்று ஆட்டோவில் அழுதாள். தேனி ஒரு மணி நேரத்துக்கு மேல். அவள் உதடு வறண்டு வெளுத்திருந்தது. நான் டிரைவரிடம் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பெயரைச் சொன்னேன்.

டிரிப் ஏற்றிய பிறகு மேட்ரன் அட்டையைக் கேட்டார். வாங்கிப் பார்த்தார்.

"இன்னைக்குப் புதன்தானே? சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்து இருக்கே, சேட்டா."

"பாக்காமத்தான் போட்டேன். ஞாயித்துக்கெழமையே மொத்தமா. தப்பு என்னுது."

"எங்க வார்டுல செஞ்சதையே நீங்க வீட்டுல செஞ்சிருக்கீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

வேலை போகவில்லை. ஆனால் இரண்டு வருடக் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கியது. ஆறு மாதம் ஊசி போடும் வேலை தராமல் வெளிநோயாளிச் சீட்டு எழுத வைத்தார்கள்.

இனி ஏழரைக்குத்தான் வருவேன் என்று தோட்டத்து முதலாளியிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

"ஏலே, கல்யாணமாகிப் பதினாலு வருசம் கழிச்சு இப்பத்தான் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டு வரணும்னு தோணுதாக்கும்?"

"ஆமாண்ணே," என்றேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் முதல் வாரம் முழுக்க நான் திராட்சை நோயைப் பற்றியே பேசினேன். ஒருநாள் அவள், "மாமா, இலைக்கு வந்தது போதும். எனக்கு வந்ததைக் கேளுங்க," என்றாள். கேட்டேன். சில நாள் பத்து நிமிடம் போதவில்லை. சில நாள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு வருடம் முடிந்து மாத்திரையை நிறுத்தினார்கள். இனி அவள் உடம்புக்குள் காவல் எதுவும் இல்லை. அது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயத்தைத்தான் தந்தது.

அதற்கு அடுத்த வருடம் டவுன் பஸ் படியில் வழுக்கி அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. சின்னமனூரில் எலும்பு டாக்டரிடம் போனோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. ஒரு நர்ஸ் பெண் தட்டில் ஊசியோடு வந்தாள். என் கண் ஜெயராணி முகத்தில்தான் இருந்தது.

"தட்டுல என்ன மருந்தும்மா?" என்று ஜெயராணி கேட்டாள். அந்தப் பெண் பென்டசோசின் என்றாள்.

"இது எனக்கு ஆகாது. இதுக்கு அடிமையாக் கெடந்தவ நான். டாக்டர்கிட்டச் சொல்லி வேற போடச் சொல்லு. சீட்டுலயும் எழுதிரு," என்றாள். அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை.

வேறு ஊசி போட்டு, எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு கட்டினார்கள். அந்த ஊசி பாதி வலிக்குத்தான் கேட்டது. மீதியை அவள் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவரை வலி என்றால் அதை எப்படி நிறுத்துவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். நிறுத்தாவிட்டாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதற்கு நேரம் ஆகும் என்று அன்று பார்த்தோம்.

நாலரை மணிக்கு என் சட்டையை விட்டுவிட்டு அவள் டீ கேட்டாள்.