கவுண்டர் மலையாளம்

செப்டம்பர் 17, காலை ஆறு ஐம்பது. பெட்டி இரண்டு, ஆள் ஒன்று. லண்டனில் முதல் நாள்.

பாதாள ரயில் பிளாட்பாரத்தில் நின்றேன். ரயில் வருவதற்கு முன்பே குகைக்குள்ளிருந்து ஒரு சூடான காற்று வந்து முகத்தில் அடித்தது. தூசி, கிரீஸ், காய்ந்த இரும்பு. கேரளாவுக்குள் இருக்கும் தமிழ் ஊரான கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாவு மில்லில் மோட்டார் சூடேறினால் இதே வாசனைதான். இவ்வளவு தூரம் பறந்து வந்து, மூக்கில் முதலில் ஏறியது அது...

முதல் வாரம் எப்படி இருந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். மணிக்கூண்டு, பாலம், படகு என்று என்னிடம் கதை எதுவும் கிடையாது. வீடு தேடினேன். அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் ஒரு வாரம்தான் இடம். அதற்குள் நிரந்தர முகவரி கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் பதிவு முடியாது. பதிவு இல்லாவிட்டால் விசா நிற்காது. லாஜிக் எளிது. வீடுதான் கிடைக்கவில்லை.

முதலில் பார்த்தது தமிழ்ப் பையன்கள் இருந்த வீடு. ஊர் கேட்டார்கள். பாலக்காடு பக்கம் என்றேன். "ஓ, மலையாளியா ப்ரோ? தமிழ் சூப்பரா பேசறீங்க" என்று பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, தமிழ் ஆள்தான் தேடுகிறோம் என்றார்கள்.

அடுத்தது மலையாளிப் பையன்கள் வீடு. பள்ளியில் பத்து வருடம் படித்த மலையாளத்தை எடுத்து விட்டேன். கட்டன்சாயா எல்லாம் வந்தது. சரியாக அந்த நேரத்தில் அம்மாவின் போன். "ஊடு பாக்க வந்திருக்கறனுங்மா, அப்பறம் கூப்படறேன்" என்று வைத்தேன். "ஐயோ, தமிழனாயிருந்நோ!" என்றான் ஒருவன், சிரித்துக்கொண்டுதான். போன் செய்வதாகச் சொன்னார்கள். செய்யவில்லை.

இரண்டு பக்கமும் ஒயர் இருக்கிறது, கரண்ட் மட்டும் பாயவில்லை. நான் எலெக்ட்ரிகல் ஆள். இந்த மாதிரி பழுதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், அவகாசம் கேட்க பல்கலைக்கழக ஆபீஸில் வரிசையில் நின்றேன். இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில், தோட்டத்தில், சந்தையில் எல்லாம் தமிழ். வில்லேஜ் ஆபீஸ், கரண்ட் ஆபீஸ், ஆர்டிஓ ஆபீஸ் என்றால் மலையாளம். சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணாடி, அதில் அரைவட்ட ஓட்டை, அதற்குப் பின்னால் ஒரு ஆள் என்று பார்த்துவிட்டால் போதும், வாய் தானாக மாறிக்கொள்ளும். யோசிப்பதே இல்லை.

அங்கேயும் கண்ணாடி இருந்தது. பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா. அட்ரஸ் கேட்டார்.

"மேடம், அட்ரஸ் ஆயிட்டில்ல. ரண்டு திவஸம் கழிஞ்ஞு தராம்."

அட்ரஸ் இன்னும் ஆகவில்லை, இரண்டு நாள் கழித்துத் தருகிறேன் என்று தெளிவாக, மிக மரியாதையாகச் சொன்னேன். அந்த அம்மா என்னையே பார்த்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

பின்னால் ஒருவன் சிரித்தான். திரும்பினேன். ஒல்லியாக, குளிர்த்தொப்பி போட்ட ஒரு ஆள்.

"எந்த ஊருப்பா நீங்க? இந்தம்மாகிட்ட வந்து வில்லேஜ் ஆபீஸ் மலையாளம் பேசுறீக."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனுங்க, அதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

"கஷ்டம் ஒண்ணும் இல்ல. நேத்து நான் ஒரு போலீஸ்காரர்ட்ட வழி கேட்டேன். 'சாரே'ன்னுட்டேன்."

கணேசன். இடுக்கி சக்குபள்ளம். அப்பா ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. அவனும் அதே இரண்டு வீடுகளில் ஏறி இறங்கியிருந்தான். மூன்றாவதாக ஒரு வீட்டில் இரண்டு கட்டில் போட்ட அறை இருந்ததாம். இரண்டு பேர் சேர்ந்து வந்தால்தான் தருவேன் என்று வீட்டுக்காரம்மா அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

அன்று சாயங்காலமே போனோம். வீட்டுக்காரம்மா ஊர் கேட்கவில்லை. ராத்திரி வாஷிங் மெஷின் போடக் கூடாது என்று மட்டும் சொன்னார். மறுநாள் அதே கவுண்டரில் இரண்டு பேரும் ஒரே அட்ரஸைக் கொடுத்தோம். இங்கிலீஷில்.

அந்த அறையில் முதல் டீ நான் போட்டேன். கணேசன் அம்மா கொடுத்துவிட்ட ஏலக்காயில் இரண்டைத் தட்டிப் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க வீட்ல டீயில போட மாட்டோம். அது மொதலாளி சரக்கு" என்றான். பிறகு முழுசாகக் குடித்தான். மறுநாளிலிருந்து நான்கு போட்டான்.

ஒரு வருடம் சண்டை போட்டுக்கொண்டே இருந்தோம். நான் 'ங்க' போட்டால் அவன், "அந்த 'ங்க'வைக் கொஞ்சம் மிச்சம் பிடிங்கப்பா, ஊருக்குப் போகும்போது தேவைப்படும்" என்பான். படிப்பு முடிந்து வேலை கிடைத்து அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். நான் ஆராய்ச்சி என்று, இரண்டு கட்டிலுக்கும் வாடகை கட்டி அதே அறையில் தங்கினேன். அதுவும் இப்போது முடிந்துவிட்டது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்காக நிலவரி கட்ட வில்லேஜ் ஆபீஸ் போனேன். அதே கண்ணாடி, அதே ஓட்டை, பின்னால் கிளார்க். வாயைத் திறந்தேன்.

"ஹாய், மார்னிங்" என்று வந்தது.

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "மோனே, இது கொழிஞ்ஞாம்பாறயாணு கேட்டோ."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு வரவில்லை...

சரி. இனி செய்ய வேண்டியது:

1. வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன். அதற்குள் விளம்பரம் போட வேண்டும். தமிழ் குரூப், மலையாளி குரூப் இரண்டிலும் ஒரே வாசகம். கடைசி வரி: இந்த வீட்டில் ஊர் கேட்க மாட்டார்கள்.

2. ஏலக்காய் டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

3. கணேசனுக்குப் போன் செய்து வில்லேஜ் ஆபீஸ் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் ஓட்டுவான். ஓட்டட்டும்.

4. சர்டிபிகேட் அனுப்ப அட்ரஸ் கேட்கிறார்கள். அதே கவுண்டர். புது ஊரில் வீடு இன்னும் அமையவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். மேடம், அட்ரஸ் ஆயிட்டில்ல.

5. சொல்லிவிட்டு, ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும்.